பட்டினிப் பாம்பும் பதறும் மனிதர்களும்

கொல்கத்தா: பாலும் வாழைப்பழமும் ஊட்டிப் பாம்பு வளர்ப்பதாக வங்காளிகளிடம் ஒரு சொலவடை. நன்றி கெட்டவனுக்கு இடம் கொடுப்பவரைக் குறிப்பது. பாம்புக்குப் பால் வார்த்த கதை தமிழர்களுக்கும் தெரியும். இரண்டிலும் ஒரே தவறு: பால் பாம்பின் உணவல்ல. பூஜை நாட்களில் அது பால் குடிப்பதாகத் தெரிவது, நாள்கணக்கில் தண்ணீர் காட்டாமல் வைத்ததால் வந்த தாகம். பால் அதற்கு ஜீரணமாகாது. வலுக்கட்டாயமாக ஊற்றினால் நுரையீரலுக்குள் இறங்கி உயிரைக் குடிக்கும்.

அலிப்பூர் விலங்குக் காட்சிசாலைக்கு 2019ல் சென்னை முதலைப் பண்ணையிலிருந்து 4 மஞ்சள் அனகோண்டாக்கள் வந்தன. இப்படி இடம் மாறும் எந்தப் பாம்புமே முதலில் இரையை ஒதுக்கக்கூடும். காரணம் பயம். இன்னொரு காரணம் குளிர். கொல்கத்தாவின் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 14 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். உடலுக்குள் சூட்டை உண்டாக்கிக்கொள்ள முடியாத பாம்பு அப்போது விழுங்கினாலும், இரை வயிற்றில் அழுகும், கக்கிவிடும்.

வீடுகளில் வளர்க்கப்படுவது பெரும்பாலும் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு. பிடிவாதத்துக்குப் பெயர் பெற்றது. நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும்போதே மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். (நல்ல பாம்பு போன்ற இந்தியப் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பது 1972ம் வருட வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டுப் பாம்புகளில் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவற்றை 2024ம் வருட விதிகளின்படி அரசிடம் பதிவு செய்ய வேண்டும்.)

இதற்கு வைத்தியம் என்ன? முதலில், சும்மா இருப்பது. புதிதாக வந்த பாம்பை ஒரு வாரமாவது தொடாமல் விட வேண்டும். உடல் நுழையுமளவுக்கு இருட்டான மறைவிடம் வேண்டும். கூண்டின் ஒரு பக்கம் 32 டிகிரி சூடு, மறுபக்கம் அதைவிடக் குறைவு. பிறகு, உறைந்த எலியை இளகவைத்து, வெதுவெதுப்பான நீரில் சூடேற்றி, இருட்டிய பின் நீண்ட இடுக்கியால் நீட்டலாம். உதட்டுக் குழிகளால் வெப்பத்தை உணரும் மலைப்பாம்புக்குக் குளிர்ந்த எலி இரையாகத் தெரியாது. உயிருள்ள எலியை விட்டுவிட்டுப் போவது ஆபத்து: பசித்த எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும்.

தோல் உரிக்கும் நாட்களில் முயற்சியே வேண்டாம். மறுத்தால், ஒரு வாரம் கழித்துத்தான் அடுத்த முயற்சி. தினமும் இரையை நீட்டித் தொந்தரவு செய்தால் பயம்தான் கூடும்.

நிஜமான அபாயத்தைக் காட்டுவது காலண்டர் அல்ல, தராசு. வாரம் ஒருமுறை நிறுத்துப் பார்க்க வேண்டும். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, வாயில் சளி நுரைத்தாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். வாயைத் திறந்து இரையைத் திணிப்பது அவர் கையில் விடவேண்டிய கடைசி ஆயுதம். எடை குறையாதவரை, பட்டினியால் வாடுவது வளர்ப்பவர் மட்டுமே.