வாத்துக்கும் உலர்ந்த தரை வேண்டும்

கேரளத்தில், கடல்மட்டத்துக்கும் தாழ்ந்த குட்டநாட்டில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. வீட்டு வாத்துகளுக்குக் கிடைக்காதது இரவில் படுக்க உலர்ந்த தரைதான். ஈரத்திலேயே கிடந்தால் காலில் புண் வரும், முட்டையும் அழுக்காகும்.

கொல்லையில் மேடு பார்த்து, வாத்து ஒன்றுக்கு 3 சதுர அடி வீதம் கொட்டில் போட்டு, உமி பரப்ப வேண்டும். வெளியே உலாவ 10 முதல் 15 சதுர அடி தேவை. குளம் கட்டாயமில்லை, தலையை முக்கிக் கண்ணையும் மூக்கையும் கழுவிக்கொள்ளும் ஆழத்தில் ஒரு தொட்டி போதும். கீரியும் நாயும் நுழையாதபடி கம்பி வலை அடிப்பது அவசியம்.

வாத்து பெரும்பாலும் காலை 9 மணிக்குள் முட்டையிடும். அதற்குமுன் திறந்துவிட்டால் முட்டை வாய்க்காலுக்குத்தான்.

2014-ல் இங்கே பறவைக் காய்ச்சல் பரவி ஏராளமான வாத்துகள் மாண்டன. காட்டுப் பறவைகள் இறங்கும் வயலில் விடாமல், வேலிக்குள் வளர்ப்பதே குடும்ப வருமானத்துக்குக் காவல்.