பெங்களூரு – சான்பிரான்சிஸ்கோ: துருவம் வழியே ஒரு பயணம்

பெங்களூருக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 14,000 கிலோமீட்டர். இரண்டு ஊர்களும் பூமியின் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், மிகக் குறுகிய பாதை ஆர்க்டிக் பகுதி வழியே செல்கிறது. தட்டையான வரைபடத்தில் இது வீண் சுற்றாகத் தெரியும். உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும்.

2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் போயிங் 777 விமானம் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து எங்கும் இறங்காமல் வடதுருவம் வழியே முதன்முதலாகப் பெங்களூரு வந்தது. கேப்டன் சோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே அதை ஓட்டிவந்தனர். என்றும் போற்றத்தக்க சாதனை அது. சனிக்கிழமை இரவு கிளம்பிய விமானம் திங்கள் அதிகாலையில் தரையிறங்கியது. பறந்ததோ சுமார் 17 மணி நேரம்தான். மீதி, நேர வித்தியாசம். அது குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி, கோடையில் பன்னிரண்டரை மணி. டிக்கெட்டில் அச்சாவது அந்தந்த ஊர் நேரம் என்பதால், பறக்கும் நேரத்தைக் கணக்கிடும்போது, பெங்களூரு வரும் பயணத்தில் இந்த வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும்; சான்பிரான்சிஸ்கோ போகும் பயணத்தில் கூட்டிக்கொள்ள வேண்டும்.