கண்ணாடித் தொட்டிப் பவளமும் மன்னார்க் கடலும்

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களுக்குக் கடற்கரை கிடையாது. ஆயினும் பவளப்பாறைகளைப் பற்றி எழுதுவதற்கு இவ்விரு ஜில்லாக்களைக் காட்டிலும் பொருத்தமான இடம் வேறில்லை என்பது நமது அபிப்பிராயம். காரை கிராமத்தின் மழை அரித்த ஓடைகளில் சிப்பியும் நத்தையும் கல்லாய்ச் சமைந்து கிடக்கின்றன. அரியலூரை அடுத்து, திருச்சி ஜில்லாவைச் சேர்ந்த கல்லக்குடியில் வெட்டியெடுக்கப்படும் சுண்ணாம்புக்கல்லிலோ, சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே அலையடித்த கடலில் வாழ்ந்த பவளங்களின் கூடே காணப்படுகிறது. பிளான்போர்ட் என்னும் ஆங்கிலேய நிபுணர் இந்நிலத்தின் பாறைகளை ஆராய்ந்து 1862-இல் அறிக்கை வெளியிட்டார். அன்று முதல் உலகத்துப் பூகர்ப்ப சாஸ்திரிகள் அரியலூரை நன்கு அறிவர். அரியலூர்வாசிகளிற் பலர் அதனை அறியாதிருப்பது நமது கல்வி முறையின் சிறப்பு.

இப்பொழுது உயிருள்ள பவளத்திற்கு வருவோம். உப்புநீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பது மேனாடுகளில் நெடுநாளைய பொழுதுபோக்கு. நமது நகரங்களிலும் வசதி படைத்த சிலர் அதில் இறங்கியிருக்கின்றனர். ஒரு துண்டை ஒட்டி வைத்தால் அது கிளைத்துப் பலவாகிறது. கடலில் பவளம் மடிந்துகொண்டிருக்க, வீட்டில் தழைப்பதைக் கொண்டுபோய் அங்கே நட்டால் என்ன என்று நல்லெண்ணமுடையோர் கேட்கின்றனர். இதை நகைத்துத் தள்ளிவிடுதல் நியாயமன்று.

ஏனெனில், தொட்டி வளர்ப்பினால் விளைந்த அறிவு சிறிதன்று. ப்ளோரிடாவில் மோட் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த ஒரு விஞ்ஞானி, தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்ட பவளத்தை எடுக்கையில் அது கைதவறிச் சில்லுச்சில்லாக உடைந்துவிட்டது. சாகும் என்று அவர் எண்ணிய சில்லுகள், முழுப் பவளத்தைவிட வெகு வேகமாக வளர்ந்தன. இன்று பாறைகளைச் சீர்திருத்துவோர் பலரும் கையாளும் முறை அதுவே. லண்டன் ஹார்னிமன் காட்சிச்சாலையார் 2012-இல் வேலை தொடங்கி, சூரியன் எழுதலையும் சந்திரன் வளர்ந்து தேய்தலையும் பருவங்களின் வெப்பத்தையும் தொட்டிக்குள்ளேயே நடித்துக் காட்டி, பவளங்களைக் குறித்த காலத்தில் கருவிடச் செய்தனர். 2014-இல் ப்ளோரிடாக் கடலில் ஒரு கொள்ளை நோய் புகுந்தபொழுது, அது எட்டாத பாறைகளிலிருந்து பவளங்களை எடுத்து, அமெரிக்க ராஜ்யங்கள் பலவற்றின் மீன் காட்சிச்சாலைகளில் வைத்துக் காப்பாற்றினார்கள். ஆகவே, தொட்டி பயனற்றது என்போர் விஷயம் அறியாதவர்.

ஆனால் இவற்றில் எதிலும் வீட்டுத் தொட்டியிலிருந்த பவளம் கடலுக்குச் செல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தொட்டியிலிருந்து கடலுக்குச் சென்றது அறிவு. அல்லது அக்கடலிலேயே எடுக்கப்பட்டு, கணக்கு வைத்துக் காக்கப்பட்ட உயிர். கடையில் விற்கும் பவளம் பெரும்பாலும் இந்தோனேஷியா முதலிய அந்நியக் கடல்களின் சரக்கு. அது எந்த நோயைச் சுமந்து வருகிறது, எந்தப் பூச்சியை ஒளித்து வருகிறது என்று யாரும் சொல்ல இயலாது. அன்றியும் ஒரே துண்டின் பிள்ளைகள் எல்லாம் ஒரே உயிரின் நகல்கள். ஒன்றை வீழ்த்தும் நோய் அனைத்தையும் வீழ்த்தும்.

அந்நிய உயிரைக் கடலில் விட்டதன் பலனை உலகம் முன்னரே கண்டிருக்கிறது. 1984-இல் மொனாக்கோவின் கடற்காட்சிச்சாலைக்கு அடியில் காணப்பட்ட ஒரு பாசி, மத்தியதரைக் கடலின் கரைகள் பலவற்றை மூடிற்று. அவ்வளவு தூரம் போவானேன்? பாக் ஜலசந்திப் பக்கத்தில் வியாபாரத்திற்காகப் பயிரிட்ட கப்பாபைகஸ் என்னும் அந்நியக் கடற்பாசி குருசடைத் தீவின் பவளங்கள்மேல் படர்ந்து அவற்றை மூச்சுத் திணற வைத்தது 2008-இலேயே வெளியாயிற்று.

சட்டமும் இருக்கிறது. பாறை கட்டும் பவளங்கள் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்குள்ள காப்பு பவளத்திற்கும் உண்டு. மன்னார் வளைகுடாவில் ஒரு துண்டை முறித்து வீட்டுக்குக் கொண்டுவருபவர் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறைவாசத்திற்கு ஆளாகலாம். இச்சட்டம் வருவதற்குமுன், சுண்ணாம்புக் காளவாய்களுக்காகத் தோணி தோணியாகப் பவளம் வெட்டப்பட்டது. இராமேசுவரம் தொட்டுத் தூத்துக்குடி வரை இருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரண்டும் அதனால் கடலில் அமிழ்ந்தே போயின.

அந்த நாசத்தைச் சரிசெய்யும் வேலை நம்மவராலேயே நடந்து வருகிறது. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 2002 முதல், அவ்வளைகுடாவின் பவளத் துண்டுகளையே சிமெண்டுச் சட்டங்களில் கட்டி, வெறுமையான பாறைகளில் நட்டு வருகின்றனர். சுதேசி வித்து, சுதேசிக் கடல், சுதேசி உழைப்பு. தொட்டி வளர்ப்பில் தேர்ந்த நமது இளைஞர்கள், ஒளி, உப்பு, நீரோட்டம் பற்றித் தாங்கள் கற்றதை இத்தகைய நிலையங்களுக்குச் சொல்லட்டும். சர்க்கார் அனுமதியுடன் அங்கே சென்று வேலையும் செய்யட்டும். பவளத்தை மட்டும் எடுத்துச் செல்ல வேண்டாம்.

இனி நமது ஜில்லாக்களைத் தொடும் விஷயத்திற்கு வருகிறோம். பவளத்தின் உடலுக்குள் நுண்ணிய பாசி வாழ்கிறது. வெயிலைக் கொண்டு அது சமைக்கும் உணவே பவளத்தின் ஜீவனம். கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடேறிச் சில வாரங்கள் அப்படியே நின்றால் பவளம் அப்பாசியை உமிழ்ந்துவிடுகிறது. வெளுத்துப் பட்டினி கிடக்கிறது. சூடு தணியாவிடில் சாகிறது. 2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளத்தின் பரப்பு நூற்றுக்குச் சுமார் 39 பங்கிலிருந்து 23 பங்காகக் குறைந்தது. நட்டதும் நடாததும் அந்தச் சூட்டுக்கு ஒன்றே.

இச்சூடு கரியமில வாயுவால் வருவது. 100 மணங்கு சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 மணங்கு சுண்ணாம்பு மிஞ்சும். 44 மணங்கு கரியமில வாயுவாய்ப் புகைபோக்கி வழியே போகும். எரிக்கும் நிலக்கரியின் புகை இதில் சேராது. சர்க்கார் ஆலையும் தனியார் ஆலைகளுமாக அரியலூரைச் சுற்றி நிற்பவை இரவும் பகலும் செய்வது இதுவே. இறந்துபோன ஒரு கடலின் ஓட்டைச் சுட்டு, உயிரோடுள்ள கடலின் பாறையைக் கொல்லுகிறோம். ஆலையை மூடு என்று நாம் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சோறு அதில் இருக்கிறது. ஆனால் சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணாம்புக்கல்லையும் கலந்து, கிளிங்கர் அளவைப் பாதியாகக் குறைக்கும் முறையை டில்லி, சென்னை ஐ.ஐ.டி.க்கள் பரீட்சித்துப் பார்த்தாயிற்று. அது இங்கே ஏன் பெருவாரியாக வழக்கத்திற்கு வரவில்லை?

2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, பெரிய சுரங்கத்திற்கும் சிமெண்டு ஆலைக்கும் அனுமதி தருமுன் சாதாரணமாகப் பொதுஜன அபிப்பிராயம் கேட்டாக வேண்டும். அக்கூட்டங்களில் நமது ஜனங்கள் லாரிகளையும் தூசியையும் வற்றிப்போன கிணறுகளையும் பற்றி முறையிடுகின்றனர், முறையிடவும் வேண்டும். அடுத்த கூட்டத்திற்குச் செல்லும் ஊழியர்கள் இன்னும் இரண்டு கேள்விகளை எழுதிக் கொடுத்து, பதிலை நடவடிக்கைக் குறிப்பில் பதியச் செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம். இவ்வாலை ஆண்டுக்கு எத்தனை டன் கரியமில வாயுவை வெளிவிடுகிறது? கிளிங்கர் அளவை எந்த ஆண்டுக்குள் எவ்வளவு குறைக்கப் போகிறது?