கடுங்காய்ச்சலும் கரையும் தசையும்

பெரிய காய்ச்சலில் பத்து நாள் படுத்து எழுந்தவரைப் பார்த்தால், "என்னங்க, ஆள் பாதியா ஆயிட்டீங்க!" என்று கேட்பது நம் வழக்கம். சாப்பிடாததால் வந்த இளைப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். அது பாதி உண்மைதான். சிக்பேட்டையில் பாத்திரம் விற்கும் எனக்கு மருத்துவப் பட்டம் கிடையாது. படித்தும் டாக்டர்களைத் துளைத்தெடுத்தும் தெரிந்துகொண்டதையே எழுதுகிறேன்.

எங்கள் சமண வீடுகளில் உபவாசம் பழகிப்போன விஷயம். உபவாசம் இருக்கும் உடம்பு நல்ல கணக்குப்பிள்ளை மாதிரி. சில நாளில் கொழுப்பை எரிக்கப் பழகிக்கொண்டு, தசைப் புரதத்தில் கை வைப்பதைக் குறைத்துவிடும். கடும் தொற்றில், அதாவது செப்சிஸ் என்னும் நிலையில், இந்தச் சிக்கனம் வருவதில்லை. முதலையே எடுத்துச் செலவழிக்கும். சிறுநீரில் போகும் நைட்ரஜனை அளந்தால் கணக்கு தெரிந்துவிடும். 1 கிராம் நைட்ரஜன் என்றால் 6.25 கிராம் புரதம். தசையாகச் சொன்னால் ஏறக்குறைய 30 கிராம். நியூசிலாந்தின் ஆக்லாந்து ஆய்வு ஒன்று 1998இல் வெளிவந்தது. கடும் செப்சிஸ் நோயாளிகள் மூன்று வாரத்தில் உடம்புப் புரதத்தில் சுமார் 13 சதவீதத்தை இழந்திருந்தார்கள். இத்தனைக்கும் அவர்களுக்கு ஊட்டம் செலுத்தப்பட்டுக்கொண்டுதான் இருந்தது!

உத்தரவு போடுவது யார்? சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிக்கு இதில் பெரிய பங்கு. அதன் கார்டிசால், தசைப் புரதத்தை அமினோ அமிலங்களாக உடைத்து ஈரலுக்கு அனுப்பச் சொல்கிறது. ஈரல் அதைக்கொண்டு சர்க்கரையும், கிருமியோடு போராடத் தேவையான புரதங்களும் செய்கிறது. ஆகவே இதை வெறும் விரயம் என்று தள்ளிவிட முடியாது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன், ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் பட்டினிக் குழந்தைகளை ஆராய்ந்து இதே வழியில்தான் விளக்கம் சொன்னார். எலும்பும் தோலுமாக வற்றிய குழந்தை தன் தசையைக் கரைத்து ஈரலைக் காப்பாற்றிக்கொண்ட குழந்தை. அந்தச் சமாளிப்பு தவறிப்போனதுதான் நீர் கோத்து வீங்குகிறது.

சரி, உத்தரவைத் தடுத்தால்? அமெரிக்காவில் சின்சினாட்டி ஆய்வாளர்கள், கார்டிசால் தசையில் வேலை செய்யவிடாத மருந்தைச் செப்சிஸ் கண்ட எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1991இல் எழுதினார்கள். தசைச் சிதைவு குறைந்தது. மனிதருக்கும் கொடுக்கலாமே என்று தோன்றும். ஆனால் ரத்த அழுத்தத்தைத் தாங்குவதும், அழற்சி கட்டுமீறாமல் பார்த்துக்கொள்வதும் அதே கார்டிசால்தான். 1983இல் கிளாஸ்கோவிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. விபத்தில் அடிபட்டுத் தீவிர சிகிச்சையில் இருந்தவர்களுக்கு எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தைத் தொடர்ந்து செலுத்தியதில் இறப்பு கூடியது. அந்த மருந்து கார்டிசால் உற்பத்தியையே அடைத்துவிடும் என்பது பிறகு தெளிவாயிற்று.

அட்ரீனலின் பக்கம் கதை வேறு. டெக்சாஸ் மாநிலம் கால்வெஸ்டனில், பெரும் தீக்காயம் பட்ட குழந்தைகளுக்குப் புரோப்ரனலால் கொடுத்தார்கள். 2001இல் வெளியான முடிவில், மருந்து பெற்றவர்களின் தசைப் புரத இருப்பு ஏறியது, பெறாதவர்களுக்கு இறங்கியது. ஆனால் தீக்காயம் வேறு, செப்சிஸ் வேறு. பிரிட்டனில் செப்டிக் ஷாக் நோயாளிகளுக்கு இதே வகை மருந்தான லாண்டியலால் கொடுத்த சோதனை 2023இல் வெளிவந்தது. பலன் இல்லை, கெடுதல் வரலாம் என்ற அறிகுறி தெரிந்ததால் பாதியிலேயே நிறுத்தினார்கள். ரத்த அழுத்தத்துக்கு இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். டாக்டரைக் கேட்க வேண்டும்.

வீட்டில் நம் கைக்கு எட்டுவது சாப்பாடுதான். நம் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் டாக்டர் அனுரா குர்பாட், தொற்றுக்காலத்தில் புரதத் தேவை பற்றி 2006இல் விரிவாக எழுதியிருக்கிறார். நாமோ காய்ச்சல்காரருக்கு லங்கணம் என்று சொல்லி ரசத்துத் தெளிவை ஊற்றுகிறோம். விழுங்க முடிகிறவருக்கு, டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை, பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம். தயிரும் பாலும் சேர்க்கலாம். காய்ச்சல் விட்டதும் மெதுவாக நடக்க வைத்தால்தான் போன தசை திரும்பும்.