வரைகலை அட்டையின் இலக்கணம்

தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் யாப்பும் அணியும் பயின்றுகொண்டிருக்கும் யாம், கணினியின் உறுப்பொன்றைப் பற்றி எழுதப் புகுந்தது பௌதிக வகுப்பு நண்பர்களுக்கு நகைப்பை விளைக்கக்கூடும். அவர்கள் பொறுத்தருள்க. இதற்குக் காரணமானவர் எழுமலையிலுள்ள எம் சிற்றப்பனார்.

எழுமலை, உசிலம்பட்டிக்கு அப்பால் மேற்குமலைத் தொடரை நோக்கியிருக்கும் பேரூர். அங்கே சிற்றப்பனார் திருமணங்களையும் காதணி விழாக்களையும் வீடியோவாகப் பிடித்துத் தொகுத்துக் கொடுக்கும் தொழிலுடையவர். படம் கைக்கு வந்த பின்னரே மீதிப் பணம் தருவது அவ்வூர் வழக்கம். முகூர்த்தம் மிகுந்த மாதங்களில் அவருடைய பழைய கணினி இரா முழுதும் உழைத்தும் விடியலில் வேலை முடிந்திராது. ஆதலின் சென்ற கார்த்திகையில் மதுரை சென்று, கிராபிக்ஸ் கார்டு என வழங்கும் வரைகலை அட்டையொன்றை வாங்கிவந்து பொருத்தினார். வேலை முன்போலவே நடந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு யாம் ஊர் சென்றபொழுது அட்டையின் பெட்டியை எம் கையில் கொடுத்து, “இரண்டு ஜிபி என்று போட்டிருக்கிறது, 384 கோர் என்றும் போட்டிருக்கிறது, பிறகு ஏனப்பா நகரமாட்டேன் என்கிறது?” என்று வினவினார். தை பிறக்க மூன்று வாரமே இருந்தது. விடை தேடிப் படித்தவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

கணினித் திரை புள்ளிகளால் ஆயது. 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் உள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் உள. நொடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்படுமாயின் 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் கணித்தல் வேண்டும். கணினியின் மூளையாகிய சிபியூ அரிய கணக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து முடிக்கும் வல்லுநன். வரைகலை அட்டையோ எளிய கணக்குகளை ஒரே காலத்திற் செய்யும் பெருங்கூட்டம். 1993இல் தோன்றிய என்விடியா நிறுவனம் 1999இல் தன் ஜிபோர்ஸ் 256 என்பதனை வெளியிட்டு, அத்தகைய கருவிக்கு ஜிபியூ என்னும் பெயரைப் பரவச் செய்தது.

அக்கூட்டத்தின் தொகையே கோர் எண்ணிக்கை. நூறு ஆள் இறங்கும் களத்தில் ஐம்பது ஆள் இறங்கும் களத்தைக்காட்டிலும் கதிரடிப்பு விரைவில் முடியும் என்று நினைப்பது இயல்பே. ஆனால் யாரை ஆள் என்று எண்ணினார்கள் என்பதையும் பார்த்தல் வேண்டும். 2018இல் வந்த ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ என்னும் அட்டையில் 4,352 கோர்கள். 2020இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3070இல் 5,888. எனினும் இரண்டும் வேகத்தில் ஏறக்குறைய ஒத்தனவே. முந்திய தலைமுறையில் முழு எண் கணக்கு மட்டும் செய்துவந்த பகுதியைப் பிந்திய தலைமுறையில் பின்ன எண் கணக்கும் செய்ய வல்லதாக்கி, அதனையும் தொகையிற் சேர்த்துவிட்டனர். ஆகவே ஒரு தலைமுறைக்குள் இவ்வெண்களை ஒப்பிடலாம்; தலைமுறை கடந்து ஒப்பிடுவது நெல்லை மரக்காலாலும் படியாலும் அளந்து எண்ணிக்கையை மட்டும் சொல்வது போலும்.

இனி நினைவகம். ஜிபி என்பது கண்மாயின் கொள்ளளவு. நம் நாட்டுப்புறத்தார்க்கு ஒன்று நன்கு தெரியும்: கண்மாய் பெரிதாயினும் மடை குறுகியதாயின் கடைவயல் காயும். அட்டையில் மடையின் அகலத்தை ‘பிட்’ என்னும் அளவால் கூறுவர். ஒவ்வொரு பிட் வழியிலும் நொடிக்கு எத்தனை கிகாபிட் பாய்கிறது என்பது வேகம். அகலத்தை வேகத்தாற் பெருக்கி எட்டால் வகுத்தால் நொடிக்கு எத்தனை ஜிபி செல்கிறது என்பது கிடைக்கும். இக்கணக்குப் பள்ளிச் சிறுவர்க்கும் எளிது. பெட்டிகளில் ஏனோ இதனைப் பெரிய எழுத்தில் அச்சிடுவதில்லை.

சிற்றப்பனாரின் அட்டை ஜிடி 1030. இப்பெயரால் 2017இல் வந்தது ஜிடிடிஆர்5 நினைவகம் உடையது: 64 பிட், 6 கிகாபிட், ஆகவே நொடிக்கு 48 ஜிபி. 2018இல் அதே பெயரால் டிடிஆர்4 நினைவகத்தோடு மற்றொன்று வந்தது: 64 பிட், 2.1 கிகாபிட், ஆகவே நொடிக்கு 16.8 ஜிபி. இரண்டிலும் 384 கோர்; இரண்டிலும் 2 ஜிபி. விளையாட்டுகளிற் சோதித்தோர் பின்னதன் வேகத்தை முன்னதில் ஏறக்குறையப் பாதியாகவே கண்டனர். யாம் பெட்டியைத் திருப்பினோம். ஓரத்தில் சிறிய எழுத்தில் டிடிஆர்4 என்றிருந்தது. சிற்றப்பனார் சற்று நேரம் பேசவில்லை.

இதனினும் பெரிய குறை ஒன்றிருந்தது. அது பெட்டியின் எந்தப் பக்கத்திலும் இல்லை. வீடியோவைத் தொகுத்தபின் சுருக்கி எழுதுவதற்கென்றே என்விடியா அட்டைகள் பலவற்றில் குறியாக்கி என்னும் தனிப்பகுதி உண்டு. அஃது இருப்பின் அச்சுமை சிபியூவை விட்டு நீங்கும். ஜிடி 1030இல் சுருக்கிய படத்தை விரித்துக் காட்டும் பகுதி உண்டு. சுருக்கும் பகுதி இல்லை. சிற்றப்பனாரின் இரவுகளைத் தின்றது சுருக்கும் வேலையே. 48 ஜிபி அட்டையே கிடைத்திருந்தாலும் அவ்வேலை விரைந்திராது.

நிற்க. புதிய அட்டைகளிலும் இப்புதிர் ஓய்ந்தபாடில்லை. 2021இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060க்கு 3,584 கோர், 12 ஜிபி, 192 பிட், நொடிக்கு 360 ஜிபி, 170 வாட். 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060க்கு 3,072 கோர், 8 ஜிபி, 128 பிட், நொடிக்கு 272 ஜிபி, 115 வாட். வாட் ஒழிந்த எல்லா எண்ணும் குறைந்திருக்கப் பின்னது தோற்கும் என்றே யாமும் எண்ணினோம். ஆனால் 1080 புள்ளித் திரை விளையாட்டுகளிற் பின்னதே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விரைவாய் ஓடுகிறது. அதன் கடிகாரத் துடிப்பு மிகுதி. அன்றியும் கோர்களின் அருகிலுள்ள சிறு சேமிப்பு 3 எம்பியிலிருந்து 24 எம்பியாக உயர்த்தப்பட்டது. வயலோரத்துத் தொட்டி பெரிதாயின் மடையை அடிக்கடி திறக்க வேண்டுவதில்லை அன்றோ!

எனினும் 8 ஜிபிக்கு மேற்பட்ட சரக்கை ஏற்ற நேர்ந்தால் பழைய 3060 முந்தும். தமிழ் மாணவராகிய எமக்கு இது புறம்பான செய்தியன்று. 700 கோடி அளவுருக்கள் உடைய மொழி மாதிரியொன்றை ஓர் அளவுருவுக்கு ஒரு பைட் வீதம் ஏற்றினும் 7 ஜிபி வேண்டும். இயங்குதற்குரிய இடத்தையும் கூட்டின் 8இல் நெருக்கடி, 12இல் தாராளம். விளையாடுவோனுக்கு ஏற்றது ஒன்று, தமிழைக் கணினியில் ஆய்வோனுக்கு ஏற்றது மற்றொன்று.

சிற்றப்பனாருக்கு இவ்விரண்டும் ஒவ்வா. அவர் கணினியின் மின்வழங்கி சிறியது; அட்டைக்கெனத் தனி மின்கம்பி அதில் இல்லை. கணினிப் பலகையின் துளைவாய் தரக்கூடியது 75 வாட் மட்டுமே. அவ்வெல்லைக்குள் அடங்கிக் குறியாக்கியும் உடையது எதுவெனத் தேடியபொழுது 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 கிடைத்தது. அதன் குறியாக்கி ஒரு தலைமுறை பழையதே. திருமண வீடியோவுக்கு அது போதும். தனிக்கம்பி கேட்கும் 1650களும் கடையில் உண்டாதலின் அதனையும் குறித்துக்கொண்டோம்.

மார்கழிக் கடைசி வாரத்தில் இருவரும் மதுரைக்குப் பேருந்தேறினோம். பழைய அட்டையைப் பாதி விலைக்கும் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். பிறர் பயன்படுத்திய 1650 இரண்டைக் கடைக்காரர் மேசைமேல் வைத்து, “இரண்டும் ஒன்றுதான், எதை வேண்டுமானாலும் எடுங்கள்” என்றார். ஒன்று ஜிடிடிஆர்5, நொடிக்கு 128 ஜிபி. மற்றது 2020இல் வந்த ஜிடிடிஆர்6, நொடிக்கு 192 ஜிபி. யாம் வாய்திறக்குமுன் சிற்றப்பனார் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பி ஓரத்தைப் படிக்கத் தொடங்கினார்.