மின்சாரச் சைக்கிளும் அதனை ஆளும் முறையும்

மனிதன் தன் கால்வலியையே கொண்டு நெடுந்தூரம் விரைந்து செல்லுமாறு அமைத்த கருவிகளுள் சைக்கிளுக்கு நிகரானது பிறிதொன்றில்லை. எண்ணெய் வேண்டாது, புல்லும் கொள்ளும் வேண்டாது, ஏறினவன் உழைப்பையே உணவாகக் கொண்டு ஓடுவது அது. ஆயினும் அதற்கும் எல்லை உண்டு. எதிர்காற்று வீசும்போதும், மேடு வந்து குறுக்கிடும்போதும், வயது முதிர்ந்து முழங்கால் தளரும்போதும், உல்லாசமாகத் தொடங்கிய பிரயாணம் பெரும்பாடாய் முடிவதுண்டு. இக்குறையை நீக்குமாறு தோன்றியதே மின்சாரச் சைக்கிள். இதனைப் புதிதாக வாங்கி, தொழிலின் பொருட்டன்றி மனமகிழ்ச்சிக்கும் தேகநலத்திற்குமாக ஏறிச் செல்ல விரும்புவோர், அதன் இயல்பை அறிந்து பழகவேண்டிய முறையை ஈண்டு விளக்குவோம்.

தோற்றம்

இவ்வண்டி நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்துக் கான்டன் நகரினரான ஆக்டன் போல்ட்டன் என்பார், பின்சக்கரத்தின் நடுவே மோட்டார் பொருத்திய சைக்கிளுக்கு 1895-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி காப்புரிமை பெற்றார். அக்காலத்துப் பாட்டரிகளோ ஈயத்தாலானவை. பாரம் பெரிது, அவற்றில் அடங்கும் சக்தி சிறிது. ஆதலின் அக்கருத்து நெடுங்காலம் பெருவழக்குப் பெறவில்லை. 1993-ம் ஆண்டில் ஜப்பான் தேசத்து யமஹா கம்பெனியார் புதியதோர் முறையை விற்பனைக்குக் கொணர்ந்தனர். ஏறினவன் பெடலை மிதிக்கும் அழுத்தத்தை யந்திரமே அளந்து, அதற்கேற்ற அளவு மோட்டார் துணை செய்வது அம்முறை. பின்னர், 1991-ல் முதன்முதல் விற்பனைக்கு வந்த லிதியம்-அயான் பாட்டரி இவ்வண்டிகளிலும் இடம் பெறவே, பாரம் குறைந்து தூரம் மிகுந்தது. அப்பாட்டரியை உருவாக்க உழைத்த குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ என்னும் மூவருக்கும் 2019-ம் ஆண்டின் ரசாயன நோபெல் பரிசு அளிக்கப்பட்டது.

உறுப்புகள்

சாதாரண சைக்கிளில் உள்ளவற்றிற்கு மேலாக இதில் உள்ளவை நான்கு: மோட்டார், பாட்டரி, உணர்கருவி, இவற்றை அடக்கியாளும் பெட்டியும் ஸ்விட்சும். மோட்டார் இருவகைத்து. சக்கரத்தின் ஹப்பிலே அமைந்தது ஒருவகை. அது சக்கரத்தை நேரே சுழற்றும். பெடல் அச்சின் அருகே அமைந்தது மற்றொருவகை; அது செயின் வழியாகவும் கியர் வழியாகவும் தன் விசையைச் செலுத்தும். முன்னதற்கு விலையும் பராமரிப்பும் குறைவு. பின்னது தாழ்ந்த கியரைத் துணைக்கொண்டு செங்குத்தான மேட்டையும் ஏறவல்லது; ஆயினும் செயினும் பல்சக்கரங்களும் விரைவில் தேயும்.

இவையனைத்தினும் புதிதாய் ஏறுவோன் முதலில் அறியவேண்டியது உணர்கருவியின் தன்மை. ஒருவகைக் கருவி பெடல் சுழல்கின்றதா இல்லையா என்பதை மட்டுமே அறியும். சுழலக் கண்டவுடன், காலில் அழுத்தம் உண்டோ இல்லையோ, குறித்த அளவு விசையைத் தந்துவிடும். மற்றொன்று அழுத்தத்தையே அளந்து, மெல்ல மிதித்தால் மெல்லவும், வலிந்து மிதித்தால் மிகுதியாகவும் உதவும். முன்னதில் விசை சற்றே தாமதித்து வந்து, கால் நின்றபின்னும் நொடிப்பொழுது நீடிக்கும். பின்னது நம் காலே பெருத்துவிட்டது போன்ற உணர்ச்சியைத் தரும். ஆனால் நின்றிருக்கும்போது பெடலின்மேற் காலை அழுத்தி வைத்தாலும் வண்டி பாயக்கூடும். இவ்விரண்டனுள் தன் வண்டி எவ்வகையது என்று அறியாமல் ஜனநெருக்கமுள்ள தெருவில் இறங்குவது, குணமறியாக் குதிரையின்மேல் ஏறுவதை ஒக்கும்.

சக்தியின் அளவு

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடவேண்டும் என்பர். பாட்டரியின் சக்தியையும் அளந்தே செலவிடல் வேண்டும். அதன்மேல் 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்று குறித்திருப்பின், இரண்டையும் பெருக்க 360 வாட்-மணி வரும். இதில் காற்பங்கு மோட்டாரில் சூடாய்க் கழியுமென்று கொண்டால், சக்கரத்தைச் சேர்வது 270 வாட்-மணி. சாதாரண தேகக்கட்டுள்ள ஒருவன் மூச்சுத் திணறாமல் நெடுநேரம் மிதிக்கக்கூடியது சுமார் 100 வாட் அளவே. ஆகவே அச்சிறு பெட்டியில் அடங்கியிருப்பது அத்தகையான் ஒருவனுடைய இரண்டே முக்கால் மணிநேர உழைப்பு என்னலாம். அதற்குக் குறையவில்லை, மிகவும் இல்லை.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவோம். ஏறினவனும் வண்டியும் சேர்ந்து 100 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு பாரத்தை 100 மீட்டர் உயரம் தூக்க 27 வாட்-மணி சக்தி வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு உயரம் சுமார் 1,400 மீட்டர். ஆகவே அம்மலையேற மட்டும் 380 வாட்-மணி வேண்டும். சக்கர உராய்வையும் சேர்த்தால் 400-க்கு மேற்படும். பாட்டரி சக்கரத்திற்குத் தருவதோ 270. மோட்டாரையே நம்பி ஏறத் தொடங்கினவன் பாதிவழிக்குச் சற்று மேலே, கனத்த வண்டியும் ஒழிந்த பாட்டரியுமாய் நின்றுவிடுவான். தன் பங்காகப் பாதியைக் காலால் அளிப்பவனோ, இரண்டு மணிநேரத்திற்குச் சற்று அதிகமாக நிதானமாய் மிதித்து, மிச்சமும் கையிலிருக்கக் குன்னூரைச் சேர்வான். யந்திரம் ஒன்றே, மலையும் ஒன்றே. பயன் வேறுபட்டது பங்கை அறிந்ததனாலும் அறியாததனாலும் ஆம்.

சமவெளியில் சக்தியை உண்பது காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்திற்கேற்பப் பெருகுவதாகலின், சற்றே வேகத்தைக் குறைத்தாலும் பாட்டரி நெடுந்தூரம் நீடிக்கும். ஆதலின் உலாவச் செல்வோர் போகும்போது எதிர்காற்றிலும், திரும்பும்போது பின்காற்றிலும் வருமாறு வழியைத் தெரிந்துகொள்வது நன்று. பாட்டரி பாதியாகும் முன்னரே திரும்பிவிடுதல் வேண்டும். விற்போர் கூறும் தூரக்கணக்கு சமமான சாலையையும், இலேசான ஆளையும், குறைந்த உதவியையும் கருதியதாயிருத்தல் கூடும். அவரவர் வண்டியின் உண்மைத் தூரத்தை அவரவரே நான்கைந்து பிரயாணங்களில் குறித்துவைத்து அறிவதே தக்கது.

முதல் நாட்கள்

புதிய வண்டியில் ஏறுவோன் முதல் நாளில் மோட்டாரை நிறுத்திவிட்டு, ஆட்களற்ற மைதானமொன்றில் வெறுமனே மிதித்து ஓட்டிப் பார்க்க. சாதாரண சைக்கிள் 15 கிலோகிராம் இருக்க, இது 20 முதல் 25 வரை இருக்கும். அப்பாரத்தைத் திருப்பவும், இறங்கித் தள்ளவும், நிறுத்தி ஸ்டாண்டு போடவும் கை பழகவேண்டும். பாட்டரி ஒழிந்த இடத்தில் வீடு வந்து சேரவும் இப்பழக்கமே துணை. பின்னர் மிகத் தாழ்ந்த அளவில் உதவியை வைத்து, வளைவுகளிலும் புறப்பாட்டிலும் விசை எப்போது வருகின்றது, எப்போது நிற்கின்றது என்பதைக் கவனிக்க. ஏறும்போதும் இறங்கும்போதும் பிரேக்கைப் பிடித்தபடி இருத்தல் நலம். பல வண்டிகளில் பிரேக்கை அழுத்தியவுடன் மோட்டார் நிற்குமாறு ஸ்விட்ச் உண்டு. தன் வண்டியில் அஃது உண்டோ என்பதை முதல்நாளே சோதித்தறிக. பெடலருகே மோட்டார் உள்ள வண்டியில், கியர் மாற்றும் கணத்தில் காலின் அழுத்தத்தைத் தளர்த்தினாலன்றிச் செயின் துன்புறும். முதற் சில வாரங்களுக்குப் பின் கம்பிகளையும் மறைகளையும் பிரேக்கையும் ஒரு தொழிலாளியிடம் காட்டி இறுக்கிக்கொள்வதும் அவசியம்.

அபாயங்கள்

இவ்வண்டியின் எளிமையிலேயே அதன் அபாயமும் மறைந்துள்ளது. சாதாரண சைக்கிளில் வேகம் உழைப்பின் கூலி. உழைப்பே வேகத்தை அடக்கும். இதிலோ உழைப்புக் குறைய, வேகம் வந்ததே தோன்றாது. 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவது 25 கிலோமீட்டராயின், அதன் ஓட்டசக்தியும், பிரேக் பிடித்தபின் நிற்கக் கொள்ளும் தூரமும் ஏறக்குறைய மும்மடங்காகும். எதிரே வருவோரும் இதனைச் சாதாரண சைக்கிள் என்றே எண்ணி வேகத்தைத் தவறாக மதிப்பர். சைக்கிளுக்குப் பேர்போன ஹாலந்து தேசத்தில் 2017-ம் ஆண்டு விபத்தில் இறந்த சைக்கிளோட்டிகள் 206 பேர். அவருள் 57 பேர் மின்சாரச் சைக்கிளில் சென்றவர். நெடுநாள் சைக்கிளை விட்டிருந்து, முதுமையில் இதன் துணையால் மீண்டும் ஏறுவோர் இதனை விசேஷமாய் நினைவிற் கொள்ளல் வேண்டும். கால்வலியை மோட்டார் தரும். கண்ணின் கூர்மையையும் நிதானத்தையும் அது தராது. தலைக்கவசமின்றி ஏறலாகாது.

மற்றோர் அபாயம் வீட்டினுள் நிகழ்வது. லிதியம் பாட்டரி அடிபட்டாலும், நீர் புகுந்தாலும், பொருந்தாத சார்ஜரால் மின்சாரம் ஏற்றப்பட்டாலும், உள்ளே சூடேறித் தீப்பற்றக்கூடும். அத்தீ எளிதில் அணைவதன்று. நியூயார்க் நகரில் 2023-ம் ஆண்டில் மட்டும் இத்தகைய பாட்டரிகளால் நேர்ந்த தீவிபத்துகளில் 18 பேர் மாண்டனர். ஆதலின் வண்டியுடன் வந்த சார்ஜரையே உபயோகிக்க. வாயிற்படியருகிலும் படுக்கையறையிலும் வைத்து ஏற்றற்க; வீட்டார் உறங்கும் வேளையில் ஏற்றுதலும் தகாது. வெயிலில் நின்று சூடான பாட்டரியை ஆறவைத்த பின்னரே ஏற்றுக. நெடுநாள் வண்டியை எடாதிருக்க நேரின், முழுதும் நிரப்பியோ முழுதும் ஒழித்தோ வையாமல், பாதியளவில் குளிர்ந்த இடத்தில் வைப்பின் அதன் ஆயுள் நீடிக்கும்.

அரசாங்க விதியும் தேகநலமும்

மோட்டாரின் வலிமைக்கும் வேகத்திற்கும் தேசந்தோறும் வரம்புண்டு. ஐரோப்பிய ஐக்கியத்தில் 250 வாட் அளவும், 25 கிலோமீட்டர் வேகத்தில் உதவி நின்றுவிடுதலும் விதி. நம் இந்திய தேசத்திலும், மோட்டார் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டிருந்தால்தான் பதிவும் லைசென்ஸும் வேண்டாவென்னும் சலுகை பொருந்தும். வேகத்தடையை அறுத்துத் தருவோம் என்று கூறும் கடைக்காரரின் சொல்லுக்கு இணங்குவோர், சலுகையையும் பாதுகாப்பையும் ஒருங்கே இழப்பர்.

மோட்டார் உதவினால் தேகப்பயிற்சி எங்கே என்று வினவுவார் உளர். ஐரோப்பாவின் ஏழு நகரங்களில் நடத்தி 2019-ம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்று, மின்சாரச் சைக்கிளில் செல்வோர் அதிகத் தூரமும் அதிக நேரமும் செல்வதனால், அவர்தம் தேகப்பயிற்சி சாதாரண சைக்கிளோட்டிகளுடையதற்கு ஏறக்குறைய ஒத்திருப்பதைக் கண்டது. ஆனால் இப்பயன் மிதிப்பவனுக்கே உரியது. கைப்பிடியைத் திருகிவிட்டுக் காலை ஓயவைத்திருப்பவன் காற்று வாங்குவான், பயிற்சி பெறான்.

ஆகவே, நண்பர்காள், இவ்வண்டியை நம்மைச் சுமக்கும் கூலியாளாக எண்ணாது, நம்மோடு சேர்ந்து உழைக்கும் தோழனாக எண்ணல் வேண்டும். தோழனுடைய வலிமை இவ்வளவு, அவன் சோர்வது இவ்விடத்து, அவன் சினப்பது இன்னதற்கு என்பவற்றை அறிந்து, நம் பங்கையும் குறைவின்றிச் செலுத்துவோமாயின், முன்பு தொலைவில் நின்று பார்த்த குன்றும் ஏரியும் கடற்கரையும் மாலைப்பொழுதுக்குள் சென்று மீளக்கூடியனவாகும். மேடு கண்டு அஞ்சி வீட்டிலிருந்த முதியோரும் இளையோருடன் ஒருங்கே உலாவச் செல்லலாம். அந்நன்மையைத் தருவது மோட்டார் மட்டுமன்று. அதனை அளவறிந்து ஆளும் நிதானமுமாம்.