பேரெழுத்து இல்லா மொழியும் நிரலின் பெயர்களும்

“தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடு இல்லையே ஐயா! அப்படியானால் தமிழில் கணினி நிரல் எழுத இயலாதா?” என உயர்நிலைப்பள்ளி மாணவர் ஒருவர் நம்மிடம் ஒருமுறை வினவினார். இயலும் என்று உடனே விடை கூறிவிட்டோம். ஆயினும் அவ்வினாவின் உள்ளே வேறொரு வினா மறைந்திருந்ததைப் பின்னரே உணர்ந்தோம். இவ்வேறுபாடு நம் மொழியின் குறையா, அன்றிக் கருவியின் இயல்பா என்பதே அது.

பேரெழுத்தின் பணி

இலத்தீன், கிரேக்கம், சிரில்லிக், ஆர்மீனியம் போன்ற சில வரிவடிவங்களில் மட்டுமே ஓர் எழுத்துக்குப் பெரிதும் சிறிதுமாக இரு வடிவங்கள் உள்ளன. கணினிக்கும் இவை தொடக்கத்திலேயே வந்துவிடவில்லை. 1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் நிரல்கள் பேரெழுத்துகளிலேயே எழுதப்பட்டன. 1963-இல் வெளியான ஆஸ்கி குறியீட்டில் சிற்றெழுத்துகள் இடம்பெறவில்லை. 1967-ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே அவை சேர்ந்தன. பேரெழுத்து ‘ஏ’க்கு 65, சிற்றெழுத்து ‘ஏ’க்கு 97 என எண்கள் அமைந்தன. 26 எழுத்துகளுக்கும் இந்த 32 என்னும் இடைவெளி மாறாதது. எனவே ஒன்றை மற்றொன்றாக்குவது கணினிக்கு எளிய செயலாயிற்று.

நிரலாளர்கள் இவ்வசதியை இலக்கணக் குறியாகவே பயன்படுத்தலாயினர். ஜாவா மரபில் வகுப்பின் பெயர் பேரெழுத்தில் தொடங்கும். மாறியின் பெயர் சிற்றெழுத்தில் தொடங்கும். மாறிலியின் பெயர் முழுவதும் பேரெழுத்தில் அமையும். ஒரு பெயருக்குள் இடைவெளி விட இயலாததால், அடுத்த சொல்லின் முதலெழுத்தைப் பெரிதாக்கிச் சொல்லெல்லையைக் காட்டினர். ஒட்டகத்தின் திமில் போல் தோன்றுவதால் இதனை ஒட்டக நடை என்பர்.

தொகுப்பியின் நுட்பம்

நிரல் எழுதப் பயன்படும் உரைத்தொகுப்பிகளும் இம்மரபை அறிந்து செயற்படுகின்றன. ஈமேக்ஸ் தொகுப்பியில் தேடுசொல்லைச் சிற்றெழுத்தில் இட்டால் இருவகை வடிவங்களும் கிடைக்கும். பேரெழுத்து ஒன்றேனும் கலந்தால் அதற்கு முற்றும் ஒத்தது மட்டுமே கிடைக்கும். விம் தொகுப்பியிலும் இவ்வாறு அமைத்துக்கொள்ளலாம். ‘பிரைஸ்’ என்னும் ஆங்கிலப் பெயரைக் ‘காஸ்ட்’ என மாற்றும்போது, பழைய பெயர் எவ்வடிவில் இருந்ததோ அவ்வடிவிலேயே புதிய பெயரை அமைக்கும் வசதி ஈமேக்ஸிலும் விசுவல் ஸ்டூடியோ கோடிலும் உண்டு. இது இன்றி, வடிவ வேறுபாட்டைப் புறக்கணித்து மாற்றினால் வகுப்பும் மாறியும் மாறிலியும் ஒரே பெயராகிக் குழப்பம் விளையும்.

பேரெழுத்து உடைய மொழிகளிலும் இது முற்றும் எளிதன்று. துருக்கியில் புள்ளியுள்ள ‘ஐ’, புள்ளியற்ற ‘ஐ’ என இரண்டு எழுத்துகள் உள்ளன. ஆங்கில விதிப்படி பெரிதாக்கினால் பிழை நேரும். ஜெர்மன் மொழியின் ‘எஸ்செட்’ எழுத்தைப் பெரிதாக்கினால், மரபுப்படி ஓரெழுத்து ஈரெழுத்தாகிறது.

தமிழின் நிலை

ஒருங்குறி தமிழின் உயிரையும் மெய்யையும் ‘பிற எழுத்து’ என வகைப்படுத்துகிறது; அதாவது பேரெழுத்தும் அன்று, சிற்றெழுத்தும் அன்று. உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே கொள்ளாமல் ‘குறி’ என்கிறது. இவ்வகைப்பாட்டின் விளைவு சிறிதன்று. 2009-இல் அறிமுகமான கோ மொழியில் பெயருக்குள் எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவை மட்டுமே வரலாம். எனவே அங்கே ‘பல’ என்பது ஏற்புடைய பெயர். ‘பல்’, ‘பால்’ ஆகியவை பிழை. ‘தமிழ்’ என்னும் பெயரும் பிழையே. மேலும், பேரெழுத்தில் தொடங்கும் பெயரையே பிற நிரல்தொகுதிகள் பயன்படுத்த இயலும் என்பது அம்மொழியின் விதி. ஆகவே ‘பல’ என்னும் பெயரைப் பொதுவாக்க வேண்டின், அதன் முன் ஓர் அயல் பேரெழுத்தை ஒட்டவேண்டும்.

பைத்தான் மொழியின் மூன்றாம் பதிப்போ தமிழ்ப் பெயர்களைக் குறிகளுடன் ஏற்கிறது. ‘கொ’ என்பதை ஒற்றைக் குறியால் பதியலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறிகளாகவும் பதியலாம். பைத்தான் இவ்விரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்ட்டோ அவற்றை இரு வேறு பெயர்களாகக் கொள்ளும். பேரெழுத்து வேறுபாட்டைக் கண்ணால் காணலாம்; இவ்வேறுபாட்டைக் காண இயலாது. தமிழில் நிரல் எழுதுவோர் அஞ்சவேண்டியது இதனையே.

புணர்ச்சியே நம் பேரெழுத்து

ஆங்கிலத்தில் ஒரு சொல் பெயரின் நடுவே பேரெழுத்துப் பெற்று உருமாறுவது போல, தமிழில் சொல் புணர்ச்சியால் உருமாறுகிறது. மரம் என்பது பட்டியலோடு சேர்ந்து ‘மரப்பட்டியல்’ ஆகிறது. பன்மையில் ‘மரங்கள்’ ஆகிறது. தொகுப்பியில் ‘மரம்’ எனத் தேடினால் இவ்விரண்டும் அகப்படா. ‘மர’ எனத் தேடினால் ‘மரபு’ம் வந்து சேரும். பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகக் கருதத் தெரிந்த தொகுப்பிக்கு, ‘மரம்’, ‘மரப்’, ‘மரங்’ ஆகியவற்றை ஒன்றாகக் கருதத் தெரியவில்லை. அதனைக் கற்பிக்க விதிகள் இல்லாமல் இல்லை. தொல்காப்பியமும் நன்னூலும் புணர்ச்சி விதிகளை வகுத்தே தந்துள்ளன. அவை வரும்வரை ‘மரம்’, ‘பட்டியல்’ என்பவற்றை அடிக்கோட்டால் இணைத்துப் புணர்ச்சியின்றி எழுதுவதே தேடலுக்கு உதவும்.

பேரெழுத்து செய்யும் இலக்கணப் பணியையும் நம் சொல்லமைப்பே செய்யவல்லது. செயற்கூறுக்கு ஏவல் வினை (‘பதிப்பி’), மதிப்புக்குப் பெயர்ச்சொல் (‘விலை’), பட்டியலுக்குப் பன்மை (‘மாணவர்கள்’), ஆம்–இல்லை விடைக்கு வினாவுருவம் (‘உள்ளதா’) எனக் கொள்ளலாம். எழில் என்னும் தமிழ் நிரல்மொழியில் அச்சிடும் கட்டளை ‘பதிப்பி’ என்றே அமைந்துள்ளது. ‘கூட்டு’, ‘படி’ போன்ற சொற்கள் பெயராகவும் வினையாகவும் வருமாதலின் அங்கே மட்டும் கவனம் வேண்டும்.

நிறைவாக, அம்மாணவருக்கு இன்று விடை கூறுவதாயின் இவ்வாறு கூறுவோம்: தமிழில் நிரல் எழுதலாம், ஆனால் எம்மொழியில், எத்தொகுப்பியில் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தடை நேருமிடத்தில் தமிழைக் குறை கூறாமல், அக்கருவியின் விதி எவ்வெழுத்தை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது என்று ஆராயுங்கள். அவ்விதியை மாற்றி எழுதும் வாய்ப்பு உங்கள் தலைமுறைக்கே உண்டு.